டைரி எழுதியும் மனசு ஆறவில்லையா?

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் டைரி எழுதிப் பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். ஜனவரி பிறந்தால் நான் சொல்லாமலேயே பலர் ஆரம்பித்துவிடுகிறார்கள். பிப்ரவரியில் வந்து, "எழுதிப் பார்த்தேன் மேடம், ஒண்ணும் மாறல" என்பார்கள். நோட்டை வாங்கிப் புரட்டினால், கல்லூரிக் காலத்தில் நான் எழுதித் தள்ளிய அதே பக்கங்கள். கையெழுத்து மட்டும்தான் வேறு.

நாலு நாள் எழுதி நாலு நாள் விடுவது, எழுத்துப்பிழை, நடை சரியில்லாதது, இதையெல்லாம் நான் தவறாகவே எண்ணுவதில்லை. நிஜமாகவே கெடுதல் செய்கிறவை வேறு சில.

ஜவுளிக்கடை டைரி

ராகு காலம், எமகண்டம் போட்ட இலவச டைரி வேண்டாம். ரெண்டு நாள் விட்டாலே தேதி அச்சிட்ட வெற்றுப் பக்கம் முறைக்க ஆரம்பித்துவிடும். 80 பக்க நோட்டு போதும்.

கொட்டித் தீர்ப்பது

"மனசுல இருக்கறதையெல்லாம் பேப்பர்ல கொட்டிடுங்க, பாரம் இறங்கிடும்." இதைக் கேட்டால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை நம்பி ராத்திரி ராத்திரியாகக் கொட்டியவர்கள் பட்ட பாடு அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஒரு பெண் வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா காலமான பிறகு ஊர் வீட்டை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து, பாத்திரம் கழுவி அடுப்படியைத் துடைத்ததும் நோட்டோடு உட்கார்ந்துவிடுவார்.

"கூடப் பொறந்தவளை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல. எல்லாம் அண்ணி பேச்சு. நான் என்ன பாவம் பண்ணேன்?"

இது தை மாதத்துப் பக்கம். ஆடி மாதத்துப் பக்கத்திலும் இதேதான் இருந்தது. கடைசி வரியில் பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது ஒன்றுதான் வித்தியாசம். எழுதி முடிக்க மணி பன்னிரண்டாகும். பிறகு தூக்கம் எங்கே வரும்? காலையில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார். நிறுத்திப் பாருங்களேன் என்றதற்கு, "எழுதலைன்னா வெடிச்சிடுவேன் மேடம்" என்றார்.

எழுதினால் நல்லது என்ற பேச்சுக்கு மூலமாக எல்லோரும் காட்டுவது 1986இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வை. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை, தங்களை உலுக்கிய சம்பவம் ஒன்றைப் பற்றி எழுத வைத்தார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அதனால் மனசில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவமனைப் பக்கம் போனது குறைந்தது. அவர்கள் எழுதியது நாளுக்கு 15 நிமிடம், 4 நாள். நம் ஆட்கள் அந்த நாலு நாளை விட்டுவிட்டு வருஷக் கணக்கில் எழுதுகிறார்கள்.

பென்னிபேக்கர் பிற்பாடு இப்படி எழுதிய பக்கங்களில் உள்ள சொற்களைக் கணினி மூலம் எண்ணிப் பார்த்தார். பலன் கிடைத்தவர்களின் எழுத்தில் நாள் ஆக ஆக 'ஏனென்றால்', 'அதனால்தான்', 'இப்போது புரிகிறது' என்கிற மாதிரியான சொற்கள் கூடிக்கொண்டே போயிருந்தன. முதல் நாள் தாறுமாறாக இருந்தது, கடைசி நாளில் முன்பின் உள்ள கதையாகியிருந்தது. நான் பார்த்த அந்த நோட்டில் ஒரு 'ஏனென்றால்' கூட இல்லை.

கோபத்தைக் கொட்டினால் கோபம் குறையும் என்பதும் அப்படித்தான். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம், சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் கோபத்தைவிட அதிகமாக இருந்தது. பேனாவுக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம். பொருக்குத் தட்டிய புண்ணைத் தினமும் பெயர்த்துப் பார்த்தால் எப்படி ஆறும்?

2013இல் டேவிட் ஸ்பாராவும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கிட்டே வருகிறது. சமீபத்தில்தான் துணையைப் பிரிந்தவர்களில் ஒரு பகுதியினர் உணர்ச்சிகளை எழுதினார்கள். மற்றவர்கள் அன்றைய பொழுது எப்படிப் போனது என்பதை மட்டும் எழுதினார்கள். நடந்ததையே மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு உணர்ச்சிகளை எழுதியது உதவவில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, வெறும் தினசரிக் கணக்கு எழுதியவர்களே அவர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். ஆறு மணிக்கு எழுந்தேன், மாவு புளித்துவிட்டது, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது என்று எழுதுகிறவரைக் கேலி செய்யாதீர்கள். அவருக்கு அதுவே மருந்தாக இருக்கலாம்.

நீங்கள் எந்த ரகம் என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கடைசி மூன்று நாள் பக்கங்களை வரிசையாகப் படியுங்கள். மூன்றாம் நாள் எழுதியதை முதல் நாள் தேதிக்கு மாற்றிப் போட்டாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றால், அந்த விஷயத்தை அன்றோடு நிறுத்துங்கள். மறுபடி எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆளை மாற்றுங்கள்: 'நான்' என்பதற்குப் பதில் 'அவள்' என்று, பக்கத்து வீட்டுக்காரி கதையைச் சொல்வது போல எழுதுங்கள். போனில் 15 நிமிடம் அலாரம் வையுங்கள். கடைசி வரி நாளைக்குச் செய்யக்கூடிய ஏதாவது ஒன்றாக இருக்கட்டும், எவ்வளவு சின்னதானாலும்.

அந்தப் பெண் இந்தக் கடைசி வரிக்குத்தான் ரொம்ப முரண்டு பிடித்தார். "நான் என்ன மேடம் செய்ய முடியும்?" ரெண்டு வாரம் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுக்கொண்டு வந்தார். பிறகு ஒரு நாள் ஒரு வரி: "நாளைக்கு வில்லங்கம் போட்டுப் பாக்கணும்." அத்தனை மாதமும் காதில் விழுந்த பேச்சை வைத்துத்தான் எழுதியிருக்கிறார், பத்திரம் நிஜமாகவே மாறியதா என்று பார்த்ததே இல்லை. வில்லங்கச் சான்றிதழில் என்ன வந்தது என்பது அவர்கள் குடும்ப விஷயம். ஆனால் அந்த வாரம் நோட்டு மெலிந்தது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம், அதற்கும் குறைவு.

யாரோ படிப்பார்கள் என்று எழுதுவது

இதில் ரெண்டு வகை உண்டு. ஒருவர் பயந்து எழுதுவார்: மாமியார் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் பூசி மெழுகுவார். இன்னொருவர் கணவர் கண்ணில் படட்டும் என்றே தலையணைக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி வைப்பார். இரண்டாவது டைரியே இல்லை, தபால்பெட்டியில் போடாத கடிதம். நேரே சொல்லிவிடுங்கள். பயந்து எழுதுகிறவருக்கு என் யோசனை: எழுதுங்கள், கிழித்துப் போடுங்கள். பத்திரப்படுத்தினால்தான் பலன் என்று யாரும் சொல்லவில்லை.

அதிர்ச்சி நடந்த அன்றைக்கே

விபத்து, சாவு, பலாத்காரம் போன்றவை நடந்த சூட்டோடு யாரையும் எழுது என்று நெருக்காதீர்கள். அந்த நேரத்துக்குத் தேவை சோறு, தூக்கம், கூட ஒரு ஆள். பிறகு எழுதும்போதும் ஒரு விஷயத்தைத் தொட்டாலே கை நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் அதை விட்டு வேறு எழுதலாம். இது பென்னிபேக்கரே சொல்லும் விதி.

படுக்கையில் சோகக்கதை

எழுதியே ஆகவேண்டும் என்றால் நாளைய வேலைகளை எழுதுங்கள். பேய்லர் பல்கலைக்கழகத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், படுக்கும்முன் 5 நிமிடம் மறுநாள் செய்ய வேண்டியதைப் பட்டியல் போட்டவர்கள், முடித்த வேலைகளைப் பட்டியல் போட்டவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அழுகையை மாலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தினம் தினம் நன்றிப் பட்டியல்

எதற்கெல்லாம் நன்றி சொல்லலாம் என்று எழுதுவது வாரம் ஒரு தரம் போதும்.

மாத்திரையை நிறுத்திவிட்டு டைரி

கூடவே கூடாது. எழுதும்போது சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

டாக்டரிடம் நோட்டு முழுவதையும் நீட்டுவது

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நூறு பக்கத்தை யார் படிப்பார்கள்? ஒரு தாள் போதும். எந்தெந்த ராத்திரி தூங்கவில்லை, மாத்திரை எந்தத் தேதியில் மாறியது, மாதவிலக்கு எப்போது, பசி எப்படி, வேலைக்குப் போகாத நாட்கள் எவை. நோட்டிலிருந்து இவற்றை மட்டும் எடுத்து எழுதி, பழைய சீட்டோடு சேர்த்துப் பின் குத்திக் கொடுங்கள்.