குட்டி நாட்டு அணிக்குக் கொடி பிடிப்பது எப்படி

உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் வந்தால் திருகோணமலையில் இரண்டே கட்சிதான், பிரேசில், ஆர்ஜென்டினா. ஒழுங்கைக்கு ஒழுங்கை மஞ்சளும் இளநீலமும் தொங்கும், தேத்தண்ணிக் கடையில் சண்டை நடக்கும், ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் மூன்று நாள் கதைக்காமல் இருப்பார்கள். நானும் நெடுங்காலம் மஞ்சள் சட்டை போட்டவன்தான். 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஐஸ்லாந்து இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பிய இரவோடு அது போச்சு. அன்றிலிருந்து சின்ன நாடுகளின் பின்னால்தான் திரிகிறேன். எப்படித் திரிவது என்று கேட்கிறவர்களுக்கு இது.

முதல் வேலை, நாட்டைத் தெரிவு செய்வது. என்னுடைய அளவுகோல் எங்கள் மாவட்டம்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தில் மூன்றே முக்கால் இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே சனம். இங்கிலாந்தை அடித்த நேரம் ஐஸ்லாந்தில் இருந்ததே சுமார் 3,30,000 பேர். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி, டவுன் எல்லாத்திலும் பொடியன்களைப் பொறுக்கி ஒரு அணி கட்டி, அது ஐரோப்பாவில் கால் இறுதிக்குப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதுதான் கணக்கு. கரீபியன் தீவான குராசோ இன்னும் சின்னது, ஒன்றரை இலட்சம் அளவில்தான். 2025 நவம்பரில் கிங்ஸ்டனில் ஜமைக்காவோடு 0-0 என்று தாக்குப்பிடித்து, உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற மிகச் சிறிய நாடு என்று பேர் எடுத்தது. ஜமைக்கா அடித்த பந்து மூன்று தரம் கம்பத்தில் பட்டது, கடைசி நேரத்தில் கொடுத்த பெனல்ட்டியை மத்தியஸ்தர் வீடியோவைப் பார்த்துவிட்டு வாபஸ் வாங்கினார். இங்கே அது 19ஆம் திகதி காலை. அந்த நேரத்தில் இதைச் சொல்லிச் சந்தோசப்பட மீன் வாங்க வந்தவர்களைத் தவிர எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

குரோசியாவை எடுக்காதீர்கள். 2018இல் இறுதிப் போட்டி, 2022இல் மூன்றாம் இடம், இனி அது சின்ன அணியில் சேர்த்தி இல்லை. உருகுவேயும் அப்படித்தான், சனம் 35 இலட்சம் அளவில் என்றாலும் 1930, 1950 என்று இரண்டு கிண்ணம் வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்கு எங்கள் பரிதாபம் எதற்கு?

அடுத்தது, தெரிவு செய்த அணியின் ஆகக் கேவலமான நாளைத் தேடிப் படியுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு வெற்றி வரும்போது அழுகை வராது. ஐஸ்லாந்து 1967இல் டென்மார்க்கிடம் 14-2 என்று வாங்கியது. அமெரிக்கன் சமோவா 2001இல் ஆஸ்திரேலியாவிடம் 31-0. அன்று கோல் காத்த நிக்கி சலாப்பு, 2011இல் டொங்காவை 2-1 என்று வென்று அந்த நாடு ஃபிஃபா கணக்கில் முதல் வெற்றி கண்டபோதும் கோலில் நின்றார். 31 பந்தை வலைக்குள்ளிருந்து எடுத்த மனிசன் பத்து வருசம் கழித்தும் கையுறை மாட்டிக்கொண்டு வருகிறார் என்றால், அவருக்கு எந்த நட்சத்திர வீரரை ஈடு வைப்பது என்று எனக்குத் தெரியாது. சான் மரினோ 2004இல் லீக்டன்ஸ்டைனை 1-0 என்று வென்றது, அடுத்த வெற்றி 2024 செப்டம்பரில், அதே லீக்டன்ஸ்டைனோடு, அதே 1-0. கோல் போட்ட பையன் முதல் வெற்றி நேரம் பிறக்கவே இல்லை.

பிறகு, எப்படி வென்றார்கள் என்று பாருங்கள். 'மனத்துணிவு' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள், அது சோம்பேறி விளக்கம். ஐஸ்லாந்தில் குளிர்காலத்திலும் ஆட மூடிய மைதானங்கள் கட்டினார்கள், சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தகுதிச் சான்றிதழ் உள்ள பயிற்றுநரைப் போட்டார்கள். பயிற்றுநர் ஹெய்மிர் ஹால்கிரிம்சன் பல் வைத்தியர், கோல் காத்த ஹால்டோர்சன் படம் எடுக்கிற இயக்குநர். ஆபிரிக்காவுக்கு மேற்கே கடலில் உள்ள கேப் வேர்ட் வேறு வழி, எங்கள் ஆட்களுக்கு நல்லாய் விளங்குகிற வழி. பத்துத் தீவுகள், ஐந்தேகால் இலட்சம் அளவில் சனம், புலம்பெயர்ந்தவர்களோ உலகம் முழுக்க. அயர்லாந்தின் டப்ளினில் பிறந்த வீரர் பிக்கோ லோபஸுக்கு லிங்க்ட்இன்னில் போர்த்துக்கேய மொழியில் செய்தி அனுப்பி அணிக்கு அழைத்தார்கள். அவர் குப்பைச் செய்தி என்று விட்டுவிட்டார், மாதக்கணக்கில் கழித்து ஆங்கிலத்தில் திரும்பக் கேட்ட பிறகுதான் விசயம் விளங்கியது. அந்த அணிதான் 2025 ஒக்ரோபரில், சுதந்திரம் கிடைத்த ஐம்பதாவது வருசத்தில், உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் மருமக்கள் உள்ள எந்தத் திருகோணமலை வீட்டுக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சரி, கொடி. கடையில் கிடைக்காது, தைக்கத்தான் வேணும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் குராசோவோடு தொடங்குங்கள்: நீலத் துணி, நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு மஞ்சள் பட்டி, இடது மேல் மூலையில் பெரிதும் சிறிதுமாய் இரண்டு வெள்ளை நட்சத்திரம், அவ்வளவுதான். கேப் வேர்டுக்கு வட்டமாகப் பத்து நட்சத்திரம் வேணும், தையல்காரர் ஏசுவார். நான் என்.சி. வீதியில் நீலத் துணியோடு போய் நின்றபோது அந்த அண்ணை மெஷினை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "தம்பி, எலெக்சன் அறிவிச்சாச்சோ?" என்று கேட்டார். குராசோ என்று சொன்னேன். "அது ஆர்?" என்றார். ஒன்றரை இலட்சம் சனம் என்றதும் நட்சத்திரத்துக்குக் காசு வாங்கவில்லை.

மெட்ச் பார்க்க இரண்டு வழி வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் மெஸ்ஸி ஐஸ்லாந்துக்கு எதிராகப் பெனல்ட்டி அடிக்க வந்து நிற்கிறார், எங்கள் வீட்டு டிவி அப்படியே கறுத்துப்போச்சு. பக்கத்து வீடு முழுக்க ஆர்ஜென்டினா ஆட்கள். மூச்சுச் சத்தம் இல்லை, பிறகு அந்த வீட்டு மாமி "ஐயோ" என்று கத்தினா. ஹால்டோர்சன் தடுத்துவிட்டார் என்று எனக்கு அப்படித்தான் தெரியும். போனில் டேட்டா போட்டு வையுங்கள், மாமியை நம்பி இருக்க ஏலாது.

கடைசியாக, ஆகக் கஷ்டமானது, எங்கள் சொந்த அணி. தேசிய அணி என்றால் இந்தப் பக்கம் பலருக்கு நெருடல் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, அதை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். ஆனால் 'நாங்கள் சின்ன நாடு, அதுதான் தோற்கிறோம்' என்கிற சாட்டு மட்டும் வேண்டாம், இரண்டு கோடிக்கு மேல் சனம் இருக்கிறது. 2015 மார்ச்சில் உலகத் தரவரிசையில் கடைசி இடத்தில் இருந்த பூட்டான் கொழும்புக்கு வந்து 1-0 என்று வென்றது, பிறகு திம்புவில் 2-1. 2021 நவம்பரில் ஒரு இலட்சம் சனம் உள்ள சீஷெல்ஸ் கொழும்பில் இறுதிப் போட்டியில் பெனல்ட்டியில் எங்களை வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. அந்த மூன்று நாளும் நாங்கள்தான் இங்கிலாந்து. 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனல்ட்டியில் வென்றபோது நான் துள்ளியது, அந்த மூன்று நாளும் மனதில் இருந்தபடியால்தான்.

ஆகவே பின்னேரம் மெக்கெய்சர் மைதானத்தில் உள்ளூர் மெட்ச் நடந்தால் போய் இருங்கள், பந்து எப்படிப் போகிறது என்று கண்ணுக்குப் பழகும். கொழும்பில் இலங்கை ஆடினால் இரவு பஸ் பிடித்துப் போங்கள். திரும்பி வரும்போது ஹபரணை தாண்டும் வரைக்கும் தூங்காமல் மத்தியஸ்தரைத் திட்டிக்கொண்டு வர ஒரு ஆள் வேணும், அவரை இப்போதே பிடித்து வையுங்கள்.