பாஸ் பேப்பர் அடிக்க வருவதற்கு முன்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் பதினாறு வருடமாகப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். தரம் 11 பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சையான ஓ/எல் நெருங்கினால், பாஸ் பேப்பர் என்கிற கடந்த வருட வினாத்தாள்களை அடித்தே என் மெஷினுக்கு ஓய்வில்லை. "தம்பி, பத்து வருசப் பேப்பரையும் அடிச்சு பைண்ட் பண்ணித் தாங்கோ" என்று அம்மாமார் பென் டிரைவை நீட்டுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான். "அக்கா, இதுக்கு மார்க்கிங் ஸ்கீம் இருக்கோ?"

பெரும்பாலும் இருக்காது. வருகிற காசை நானே கெடுக்கிறேன் என்று மனைவி ஏசுவாள். என்ன செய்வது, நான் அடித்துக் கொடுத்த கட்டுகள் ஒரு கோடும் விழாமல் போத்தல் பேப்பர்காரரின் தராசில் ஏறியதைப் பார்த்தவன் நான்.

ஆகவே முதலில் தேட வேண்டியது மார்க்கிங் ஸ்கீம் என்கிற புள்ளித்திட்டம். அது கிடைத்த வருடத்துப் பேப்பரை மட்டும் அடியுங்கள். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்காகப் பரீட்சைத் திணைக்களம் தயாரிப்பது அது. கடையில் விற்கும் விடைப் புத்தகம் வேறு. அதில் கடைசி விடை இருக்கும், எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்பது இருக்காது.

கணிதம் முதலாம் பத்திரத்தை எடுங்கள். பகுதி ஏ-யில் 25 சிறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. 60,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீத எளிய வட்டிப்படி மூன்று வருட வட்டி என்ன என்று ஒரு கேள்வி வந்தால், ஒரு வருட வட்டி 7,200 என்று எழுதிவிட்டுப் பெருக்கும்போது 20,600 என்று பிழைவிட்ட பிள்ளைக்கும் அந்த முதல் வரிக்கு 1 புள்ளி விழும். வெறும் 20,600 எழுதிய பிள்ளைக்குப் பூச்சியம். என் மகள் முதல் பேப்பரைச் செய்துவிட்டு, "அப்பா, அந்தப் படியை மனசுக்குள்ள செய்திட்டன்" என்றாள். "மனசுக்குள்ள செய்ததுக்கு ஆர் புள்ளி போடுவினம்?" என்று கேட்டுச் சிவப்புப் பேனையை அவள் கையிலேயே கொடுத்தேன். தன் பேப்பரைத் தானே திருத்தியபோது, 25 கேள்வியில் ஏழில் பாதிப் புள்ளியைத் தானே பறிகொடுத்திருந்தது அவளுக்கே தெரிந்தது.

எங்கே எடுப்பது? பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தொடங்குங்கள். அங்கே மதிப்பீட்டு அறிக்கைகளையும் விடாமல் பாருங்கள். எந்தக் கேள்வியில் பிள்ளைகள் சறுக்கினார்கள் என்று திருத்தியவர்களே சொல்வது இந்த அறிக்கையில்தான். விஞ்ஞானத்தில் முதலாம் பத்திரத்து 40 பல்தேர்வு வினாக்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. அடுத்தது கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்கிற கற்றல் தளம். தரத்தையும் மொழியையும் தெரிவுசெய்தால் பாடம் பாடமாக வரும். மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டி இருக்கிறது. பெயரைப் பார்த்து ஒதுங்க வேண்டாம், ஓர் அலகுக்கு எத்தனை பாடவேளை என்று அதில் போட்டிருக்கும். எதை எவ்வளவு ஆழமாகப் படிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் அதுதான். பாடநூல் தொலைந்துபோனவர்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். அதற்கு என்னிடம் காசு கொடுக்க வேண்டாம்.

தேடும்போது இரண்டு குழிகள். தமிழில் 'மாதிரி வினாத்தாள்' என்று போட்டால் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பேப்பர்தான் வந்து கொட்டும். முக்கோணி என்று இருக்க வேண்டிய இடத்தில் முக்கோணம் என்றோ, ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் ஆக்ஸிஜன் என்றோ கண்டால் மூடிவிடுங்கள். தரம் 11 என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால் பாதித் தொல்லை குறையும். மற்றது, நம்முடைய பழைய கோப்புகள் பல பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்தவை. தேடுபொறிக்கு அது தமிழாகவே தெரியாது. அதனால் பாடம், ஆண்டு, தமிழ் மீடியம், மார்க்கிங் ஸ்கீம் என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். கணிதத்துக்குச் சிங்களப் புள்ளித்திட்டம்தான் கிடைத்தது என்றாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணும் படியும் ஒன்றுதானே.

ஆண்டையும் கவனியுங்கள். பரீட்சைகள் பிந்தியதில் பெயர் குழம்பிவிட்டது. 2023ஆம் ஆண்டுப் பரீட்சை நடந்தது 2024 மே மாதம். 2024க்குரியது 2025 மார்ச்சில். ஒரே பேப்பரை இரண்டு வருடத்துப் பெயரில் இரண்டு தரம் அடித்துக் காசு கொடுத்துப் போன ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அடித்ததே நான்தான், முதல் கேள்வியை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. 2016க்கு முந்தியவை பழைய பாடத்திட்டத்துப் பேப்பர்கள். அவற்றைக் கட்டில் சேர்க்காதீர்கள்.

பாடசாலைத் தவணைப் பரீட்சைப் பேப்பர்கள் பயிற்சிக்கு நல்லவை. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறவற்றில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். படம் மங்கிய கேத்திரகணிதக் கேள்வியோடு ஒரு பிள்ளை அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுவதைக் கடை வாசலிலேயே கண்டிருக்கிறேன்.

அடிக்கும்போது வினாத்தாளையும் புள்ளித்திட்டத்தையும் தனித்தனியாகக் கட்டுங்கள். இரண்டாவது கட்டு அம்மாவின் அலுமாரியில் இருக்கட்டும். கணிதம் இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம், 12 கேள்வியில் 10 செய்ய வேண்டும். அதை ஒரே இருப்பில் செய்ய வீட்டில் அமைதி வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. மகள் 57ஆம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய்விடுவாள்.

இன்னொன்று. பரீட்சைக்கு முந்திய நாட்களில் டியூசன், கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் அச்சிட்டு விநியோகிப்பது எல்லாவற்றுக்கும் திணைக்களம் தடை போடும். திகதி பத்திரிகையில் வரும். அந்த நாட்களில் 'இது கட்டாயம் வருமாம்' என்று ஒரு பேப்பரைக் கொண்டு என் கடைக்கு வராதீர்கள். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் மட்டும்தான் கொப்பி எடுத்துத் தருவேன்.