பசுமை மாற்றம் மழையாலா, மனிதராலா? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வட்டாரத்தின் தாவரம் இருபது ஆண்டுகளில் எப்படி மாறியது, அதில் மழையின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்று பார்க்க லேண்ட்சாட், சென்டினல், மோடிஸ் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. படங்கள் சரியாக இருந்தும் முடிவு பிசகுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

முதல் பிசகு எண்ணிலேயே வருகிறது. தரையிலிருந்து திரும்பிவரும் அண்மை அகச்சிவப்பு ஒளியிலிருந்து சிவப்பு ஒளியைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்டிவிஐ, அதாவது தாவரப் பசுமையைக் காட்டும் எண். வகுக்கிறோமே, கோப்பில் உள்ள எண்ணை அப்படியே போட்டால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் பெருக்கல் மட்டும் என்றால் பரவாயில்லை, வகுக்கும்போது அடிபட்டுவிடும். லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2 தரைப் பிரதிபலிப்புத் தரவில் 0.0000275ஆல் பெருக்கிய பிறகு 0.2 கழிக்கவும் வேண்டும். சிவப்பு 9000, அகச்சிவப்பு 18000 என்று வையுங்கள். அப்படியே போட்டால் விடை 0.33, ஏதோ வறண்ட புதர்க்காடு என்று தோன்றும். முறைப்படி மாற்றினால் அவை 0.0475, 0.295 ஆகும், விடை 0.72, அதாவது நன்கு செழித்த பயிர். சென்டினல்-2இலும் இதே பொறி உண்டு. 2022 ஜனவரி 25இல் நடைமுறைக்கு வந்த 04.00 செயலாக்கப் பதிப்பிலிருந்து எண்களோடு 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் பழைய பதிப்புப் படங்களோடு ஒப்பிட்டால், நடக்காத காடழிப்பு வரைபடத்தில் வந்து நிற்கும்.

மழையைச் சேர்க்கும்போது ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டுவது தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் பசுமை ஜனவரி, பிப்ரவரியிலும் தொடர்கிறது. ஜூன் முதல் மே வரை ஓர் ஆண்டாக எடுங்கள். தொடக்க ஆண்டையும் கவனியுங்கள்: வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016இல் கணக்கைத் தொடங்கினால் எந்த மாவட்டமும் பசுமையாகிக்கொண்டே போவதாகத்தான் தெரியும்.

இனி, பெரிய தவறு. மழையை வைத்து என்டிவிஐ எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணித்து, உண்மையில் இருப்பதிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தின் போக்கை முழுதாக மனிதர் கணக்கில் எழுதுகிறார்கள். மிச்சம் என்றால் உங்கள் கணிப்பு மாதிரியால் விளக்க முடியாதது, அவ்வளவுதான். அதில் வெப்பநிலை இருக்கும், பூச்சித் தாக்குதல் இருக்கும், காட்டுத்தீ இருக்கும், கருவிப் பிழையும் இருக்கும். காவிரி டெல்டாவைப் பாருங்கள். குறுவைப் பயிரின் பச்சை தஞ்சாவூரில் பெய்த மழையை நம்பி இல்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கிறதா என்பதையும், அணைக்கு நீர் தரும் குடகுப் பகுதியில் எவ்வளவு பெய்தது என்பதையும் பொறுத்தது. உள்ளூர் மழையை மட்டும் மாதிரியில் போட்டால், குடகின் மழைக்குறைவு தஞ்சை விவசாயியின் செயலாகப் பதிவாகிவிடும். இது வெறும் புள்ளியியல் பிழை இல்லை. பழி தவறான ஆள்மேல் விழுகிறது. பாசன நிலத்துக்கு அணை நீர்த்திறப்பைத் தனி மாறியாகச் சேருங்கள். மழைக்கும் பசுமைக்கும் தொடர்பே தெரியாத பிக்சல்களை (படத்தின் சிறு கட்டங்களை) மிச்சக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

பச்சை கூடினால் நிலம் நலமடைந்தது என்று எழுதுவதும் ஆபத்து. இராமநாதபுரத்தில் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடர்ந்தாலும் என்டிவிஐ ஏறும். நீலகிரியின் சோலைப் புல்வெளியை அந்நிய வாட்டில் மரம் விழுங்கினாலும் ஏறும். இந்தியாவில் 2000க்குப் பிறகு கூடிய பசுமையில் 82 சதவீதம் விளைநிலம், காடு 4.4 சதவீதம் மட்டுமே என்று 2019இல் வெளியான உலகளாவிய மோடிஸ் ஆய்வு காட்டியது. ஆகவே போக்கைக் கணக்கிடும் முன்பே காடு, மானாவாரி, பாசனம், கருவேலம், தோட்டம் என்று நிலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மோடிஸின் 250 மீட்டர் பிக்சல் ஒன்றுக்குள் வயல், வரப்பு, பனை, கருவேலம் நான்கும் அடங்கிவிடும். வகை பிரிக்க சென்டினலின் 10 மீட்டர் படமும், கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பதும் வேண்டும். சுற்றிலும் காய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களிலும் பச்சையாக நிற்பதால் கருவேலத்தை அப்போது எளிதில் பிரிக்கலாம். கிணற்றுப் பாசன வயலும் தோப்பும் அதோடு கலந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.