தகிட தகிட தக தக தக: ஃபிளமெங்கோவைக் கையால் கேட்கப் பழகுவோம்

ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையும் ஆட்டமும் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கிடாரும் சிவப்புப் பாவாடையும்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். ஃபிளமெங்கோவை ஜாஸோடு கலந்தார்கள், ராக்கோடு கலந்தார்கள் என்று படிப்பேன். கேட்டால் எது எதோடு கலந்தது என்றே விளங்காது. தாளம் கைக்கு வந்த பிறகுதான் காது திறந்தது. அதனால் இந்தப் பாடத்தைக் கைத்தட்டலில் தொடங்குவோம். கிடார் வேண்டாம், போனில் ஒரு மெட்ரோனோம் (சீராக டிக் டிக் என்று அடிக்கும் ஆப்) போதும்.

படி 1: பன்னிரண்டைத் தட்டுங்கள்

தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியா, அங்குள்ள ஹிதானோ (ஸ்பெயினின் ஜிப்சி) மக்கள், ஹேரேஸ், காதிஸ், செவில்லாவின் திரியானா போன்ற ஊர்கள்: ஃபிளமெங்கோ வளர்ந்தது இங்கே. அவர்கள் தாளச் சுழற்சியைக் 'கொம்பாஸ்' என்பார்கள். அதில் துள்ளலானது புலேரியா, 12 அடி.

ஒரு கடிகார முகத்தை மனதில் வையுங்கள். 12, 3, 6, 8, 10 ஆகிய எண்களில் பலமான தட்டு. மற்ற எண்களில் மெதுவாக. 12இலிருந்து எண்ணினால் 3, 3, 2, 2, 2 என்று பிரியும். நமக்கு இதைச் சொல்ல எண்ணே வேண்டாம்:

தகிட தகிட தக தக தக

ஒவ்வொரு 'த'விலும் பலமான தட்டு. மெட்ரோனோமை 90இல் வைத்து, ஓர் எழுத்துக்கு ஒரு டிக் என்று தொடங்குங்கள். மேடையில் இது 200ஐத் தாண்டிப் பறக்கும், அவசரப்படாதீர்கள். முதல் வாரம் நான் கடைசி மூன்று 'தக'வையும் இழுத்து இழுத்து 'தகிட' ஆக்கிக்கொண்டிருந்தேன். சுற்று 15 ஆகிவிடும், பாட்டு எங்கோ போய்விடும். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, கொசு அடிக்கிறியா?" என்றதோடு அன்றைய பயிற்சி முடிந்தது.

தட்டுவதிலும் இரண்டு வகை உண்டு. உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டினால் மந்தமான ஒலி. பாடகர் பாடும்போது இதுதான். ஒரு கையின் விரல்களால் மறு உள்ளங்கையில் அடித்தால் பளீரென்று கேட்கும். அது ஆட்டம் சூடு பிடிக்கும்போது.

படி 2: காலைச் சேருங்கள்

இங்கேதான் புலேரியாவின் ரகசியம். கையை அப்படியே விட்டுவிட்டு, காலை 12, 2, 4, 6, 8, 10 என்று இரண்டிரண்டாகத் தட்டுங்கள். 12, 6, 8, 10இல் கையும் காலும் சேரும். 3இல் மட்டும் கை பலமாக விழும், கால் அந்தரத்தில் இருக்கும். அந்த ஒரு இடறல்தான் ஆளை நாற்காலியிலிருந்து எழுப்புகிறது. இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை, இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இதே சுழற்சியை வேகம் குறைத்து 1இலிருந்து எண்ணினால் சொலேயா என்ற இன்னொரு ஃபிளமெங்கோ வகை. 8இலிருந்து தொடங்கினால் 'தக தக தகிட தகிட தக', அதாவது சேகிரியா. துக்கத்தின் அடி ஆழம். தாங்கோஸ், ரும்பா என்ற வகைகள் வெறும் 4 அடி, எளிது.

படி 3: நான்கு கார்டுகள்

கார்டு என்றால் ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டம். ஏ மைனர், ஜி, எஃப், இ. கீபோர்டில் வரிசையாக வாசித்து இ மேஜரில் நில்லுங்கள். இ-யை ஷட்ஜமாக வைத்தால், அடியில் இறங்கும் சுரங்கள் ம, க, ரி, ச. தோடி ராகத்தின் இறக்கம் போலவே இருக்கும். கடைசி இ மேஜரில் அந்தர காந்தாரம் எட்டிப் பார்க்கும், அப்போது வகுளாபரண ராகம். இதை வைத்து உறவுமுறை கொண்டாட வேண்டாம். ஒத்த சுரங்கள், அவ்வளவுதான். கமகமும் பாடும் முறையும் முற்றிலும் வேறு.

படி 4: கலப்பைக் கேளுங்கள்

இனி எந்தக் கலப்பிசை வந்தாலும் முதலில் தட்டிப் பாருங்கள்: நாலா, பன்னிரண்டா?

ஃபிளமெங்கோ கிடார் கலைஞர் பாகோ தெ லூசியாவின் 'எந்த்ரே தோஸ் அகுவாஸ்' (1973) நல்ல தொடக்கம். கிடாருக்குப் பக்கத்தில் பொங்கோ (சிறிய இரட்டை முரசு), பேஸ் கிடார். கியூபாவுக்குப் போய்த் திரும்பிய ரும்பா, 4 அடி. அதே பாகோ 1970களின் பிற்பகுதியில் பெருவில் கண்ட மரப்பெட்டிதான் கஹோன். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினரின் வாத்தியம் அது. இன்று அது இல்லாத ஃபிளமெங்கோ குழு அரிது. ஸ்பெயினிலேயே பிறந்தது என்று நினைப்பவர்களும் உண்டு.

1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பாகோ, அல் டி மியோலா, ஜான் மெக்லாஃப்லின் மூவரும் கிடார் வாசித்த கச்சேரியைக் கேளுங்கள். மெக்லாஃப்லின், 'சக்தி' குழுவில் நம் கடம் விக்கு விநாயக்ராமோடு வாசித்தவர். தாளக் கணக்கு அவருக்குப் புதிதில்லை.

ஃபிளமெங்கோ பாடகர் கமரோன் தெ லா இஸ்லாவின் 1979 ஆல்பம் 'லா லெயெந்தா தெல் தியெம்போ'வை அவசியம் கேட்க வேண்டும். டிரம்ஸ், மின் பேஸ், ஒரு தாலாட்டில் சித்தார்கூட உண்டு. 'இது கமரோனே இல்லை' என்று பழைய ரசிகர்கள் கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். எனக்கு அந்தக் கோபம் புரியவில்லை: குரல் கரகரத்து உடையும் இடங்கள் எதுவும் மாறவில்லையே.

ஸ்பானிஷ் பாடகி ரோசாலியாவின் 2018 ஆல்பத்தில் 'கே நோ சால்கா லா லூனா' புலேரியா. தட்டிப் பாருங்கள், பன்னிரண்டு சரியாக உட்காரும். அதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டில் மோட்டார் சைக்கிள் உறுமலே தாள வாத்தியம். கொம்பாஸைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றும் இந்த வகைதான் எனக்குக் கலப்பு. காபிக் கடைகளில் ஒலிக்கும், நாலு கார்டை வேகமாக வருடும் 'ஸ்பானிஷ்' இசையை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

படி 5: நீங்களே கலந்து பாருங்கள்

ஒரு துணை வேண்டும். அவர் ஆறு அட்சர ரூபகத்தைப் போடட்டும், நீங்கள் புலேரியா. இரண்டு ரூபகம், ஒரு கொம்பாஸ், சுலபமாக முடியும். அடுத்து அவர் ஆதி தாளம். 8ஐ மூன்று முறை, 12ஐ இரண்டு முறை, இரண்டும் 24. நடுவில் அவர் பக்கம் காதைக் கொடுத்தால் தடம் மாறிவிடும், உதடு அசைய 'தகிட' சொல்லிக்கொண்டே இருங்கள். 24 முடிந்து இருவர் கையும் ஒரே தட்டில் இறங்கினால், யோசிக்காமல் 'ஓலே!' (நம் 'சபாஷ்' போல) போடுங்கள். அதையும் இடம் பார்த்துத்தான் போட வேண்டும். நடு அடியில் கத்தினால் ஹேரேஸ்காரர்கள் திரும்பி முறைப்பார்கள்.