பழைய பைக்கா? ஆயில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

ஆயில் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA) அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா பாருங்கள்; ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜப்பானியத் தரக் குறியீடு இது. அதோடு மேனுவலில் சொன்ன கிரேடும் (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண், 20டபிள்யூ-40 மாதிரி) பொருந்தினால், பழைய வண்டிக்கு மினரல் ஆயிலே (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த சாதாரண ஆயில்) பெரும்பாலும் போதும். விலை கூடிய சிந்தெடிக் ஆயிலுக்குக் கொட்டிக் கொடுப்பதைவிட மினரல் ஆயிலையே தவறாமல் மாற்றுவது மேல்.

பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஊறுகின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்ச் பிளேட்டை வழுக்க வைக்கலாம்: ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி அந்த அளவுக்கு வேகமெடுக்காது.

டூ-ஸ்ட்ரோக், உலர் கிளட்ச் (ஆயிலில் ஊறாத கிளட்ச்) வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கியரில்லா ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு உராய்வு குறைந்த 'எம்பி' (JASO MB) வகை பொருந்தும்; மேனுவலைப் பாருங்கள்.