பழைய பேப்பரில் பூட்டனைத் தேடப் போகிறவர்களுக்கு

நெல்லியடியில் எட்டு மணிக்கு மினிபஸ் ஏறினால் ஒன்பதேகாலுக்கு யாழ்ப்பாணம் பஸ்நிலையத்தில் இறங்கிவிடலாம் என்பது கணக்கு. ஆனால் பஸ் ஆள் சேரும் மட்டும் நிற்கும். சேர்ந்த பிறகும் இன்னும் இரண்டு பேருக்காக ஊர்ந்து ஊர்ந்து நிற்கும். பின்னால் போட்டி பஸ்ஸின் ஹோர்ன் கேட்டால் மட்டும் பறக்கும். "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ" என்று கொண்டக்டர் சொல்லச் சொல்ல, அம்மாவின் அப்பப்பாவை, அதாவது என் பூட்டனை, தேடிப் பழைய பேப்பர் பார்க்கப் போன முதல் நாள், நான் மேசையில் போய் இருந்தபோது மணி பதினொன்று. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம் என்று எழுப்பிவிட்டார்கள்.

அன்று முழுக்க பஸ்ஸைத்தான் திட்டினேன். சரி, பாதிப் பிழை பஸ்ஸினுடையது. மற்றப் பாதி, எந்தப் பேப்பர், எந்த வருடம் என்று ஒன்றும் தீர்மானிக்காமல் ஒரு பெயரை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போன என்னுடையது. அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் பார்த்ததில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் உதயதாரகை, இந்து சாதனம், ஈழகேசரி, ஈழநாடு ஆகிய யாழ்ப்பாணப் பேப்பர்களின் எத்தனையோ இதழ்கள் கிடக்கின்றன. பக்கங்கள் படங்களாக இருப்பதால், தேடற்பெட்டியில் பூட்டனின் பெயரைத் தட்டி "இல்லை" என்று வந்ததும் மூடிவிடக் கூடாது. இதழைத் திறந்து கண்ணால்தான் வாசிக்க வேண்டும்.

இன்னொரு பிழை, தேடாமலே கைவிடுவது. "எல்லாம் எரிஞ்சு போச்சு" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போனது உண்மை. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. ஆனால் ஓலைச்சுவடி போல ஒற்றைப் பிரதியாக இருப்பதில்லை பேப்பர். கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகள் வரை உண்டு. 1990இல் நின்ற கொழும்பு ரயில் யாழ்தேவி 2014இல்தான் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. அந்த இடைவெளியில் பழைய பேப்பர் பார்க்கவென்று யார் கொழும்புக்குப் போயிருப்பார்? இப்போது போகலாம், போயா நாளா (பௌர்ணமி விடுமுறையா) என்று மட்டும் கலண்டரைப் பார்த்துவிட்டு.

எந்தப் பேப்பர் என்பதிலும் பலர் வழுக்குகிறார்கள். 1841இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய உதயதாரகையில் தேவாலயத்தோடும் மிஷன் பள்ளிக்கூடத்தோடும் தொடர்புள்ள குடும்பங்களுக்கு வாய்ப்பு அதிகம். சைவ பரிபாலன சபையின் இந்து சாதனம் 1889இல் வந்தது. சுன்னாகத்திலிருந்து ஈழகேசரி 1930 முதல் 1958 வரை. ஈழநாடு தொடங்கியதே 1959இல். 1912இல் செத்தவருக்கு இன்றைய பேப்பரில் வருவதுபோல் படம் போட்ட மரண அறிவித்தல் இருக்கும் என்று தேடினால் கண்தான் நோகும். சாதாரண ஆள் பேப்பரில் ஏறியது வேறு வாசல்களால்: சோதனை முடிவு, லிகிதர் (எழுத்தர்) நியமனம், இடமாற்றம், காணி ஏலம், எல்லாவற்றையும் விட நீதிமன்ற அறிவித்தல்.

அந்த அறிவித்தல்களைத்தான் எல்லோரும் தட்டிவிட்டுப் போகிறார்கள், நானும்தான். செத்தவரின் சொத்தை நிருவகிக்க யாரோ மனுப் போட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளை பேப்பரில் வரும். மனுக்காரர் யார், எதிர்மனுதாரர்கள் யார், யாருடைய மனைவி, யாருடைய மகன், எந்த ஊர் என்று பொடி எழுத்தில் ஒரு வம்சமே வரிசையாக நிற்கும். ஒன்று கவனம்: அதிலுள்ளது வழக்கின் திகதி. ஆள் வருடக்கணக்கில் முன்பே போயிருக்கலாம்.

திகதி என்றாலே குழிதான். "விளம்பி வருடம் தை மாதம்" என்று ஒரு குறிப்பு அகப்பட்டால், விளம்பி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும்: 1898, 1958, 2018. அதோடு தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால் அந்தத் தை 1898இல் இல்லை, 1899இல். எங்கள் வீட்டில் ஒரு சாவை இப்படி ஒரு வருடம் முன்னுக்குத் தள்ளி எழுதி வைத்திருந்தார்கள். வாரப் பேப்பரில் "சென்ற வியாழன்" என்றால் இதழின் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 31ஆம் நாள் அஞ்சலி கண்டால் முப்பது நாள் பின்னுக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டு அச்சில் ௧, ௰ போன்ற தமிழ் எண்களைக் ‘க’, ‘ய’ என்று வாசித்துக் குழம்புகிறவர்களும் உண்டு.

பெயருக்கு வருவோம். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. மு. கந்தையாவின் ‘மு’ தகப்பன், அவருடைய மகனோ ‘க’. பேரனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்திருந்தால் இரண்டு பேரும் ஒருவராகிவிடுவார்கள். ஆங்கிலப் பக்கத்தில் கந்தையா ‘கே’யில் தொடங்கலாம், ‘சி’யிலும் தொடங்கலாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்றால் இன்னும் சிக்கல். உதயதாரகையின் ஆசிரியராக இருந்த சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னால்ட் என்றும் பெயர். பெண்கள் பெரும்பாலும் ‘இன்னாரின் பாரியார்’ என்றுதான் வருவார்கள். ஆகவே அம்மம்மாவைத் தேட அம்மப்பாவின் பெயரோடு போங்கள். ‘மருமகன்’ என்று கண்டவுடன் மகளின் புருஷன் என்று வம்சவரிசையில் எழுதிவிடாதீர்கள். அக்காவின் மகனும் மருமகன்தான்.

ஊர்ப்பெயரும் அப்படித்தான். இன்றைய காரைநகர் 1920கள் வரை காரைதீவு. கிழக்கில் இன்னொரு காரைதீவு இருப்பதால் மாற்றினார்கள். வல்வெட்டித்துறை, நல்லூர், வண்ணார்பண்ணையை வல்வை, நல்லை, வண்ணை என்று சுருக்கியும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஊர்காவற்றுறை கயிற்ஸ் ஆகிவிடும்.

மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர் உங்கள் வீட்டில் இருந்தால், பஸ்ஸை மறந்துவிட்டுச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தளத்துக்குப் போங்கள். இலவசம், ஆங்கிலப் பேப்பர்களில் சொல்லைத் தட்டியே தேடலாம்.

எனக்குக் கடைசியில் பூட்டன் அகப்படவில்லை. பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் வைத்துத் தேடிய ஒரு பின்னேரம், 1950களின் வாசகர் கடிதப் பக்கமொன்றில் எங்கள் ஊரும் ‘ஆசிரியர்’ என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கீழே அம்மப்பாவின் பெயர். காலை ஏழு மணி பஸ் ஏழரைக்கும் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை, பிள்ளைகள் மழையில் நனைகிறார்கள் என்று அரைப் பத்தி கோபம். சிரிப்பை அடக்க முடியவில்லை. போனில் கடிதத்தை மட்டும் வடிவாகப் படம் எடுத்துக்கொண்டு, கடைசி பஸ் போய்விடும் என்று ஓடினேன். பேப்பரின் தலைப்பையும் திகதியையும் எடுக்கவில்லை என்பது அச்சுவேலி தாண்டும்போதுதான் உறைத்தது. அடுத்த கிழமை திரும்பவும் எட்டு மணி மினிபஸ்.