தாய்லாந்தில் முதல் முவே தாய் வகுப்பு: கைக்கட்டிலிருந்து வலது உதை வரை

பாங்காக், சியாங்மாய், புக்கெட் என எங்கே போனாலும் சுற்றுலாப் பயணிகளுக்கு முவே தாய் என்னும் தாய்லாந்துக் குத்துச்சண்டையில் ஒருநாள் வகுப்பு கிடைக்கும். புக்கெட்டின் சலோங் பகுதியில் சொய் தா-இயத் தெரு முழுக்கப் பயிற்சிக்கூடங்கள்தான். பெரும்பாலும் ஒரு வகுப்புக்கு 300 முதல் 600 பாட் வரை வாங்குவார்கள். பலர் முதலில் ஸ்டேடியத்தில் போட்டியைப் பார்த்துவிட்டுப் பிறகு வகுப்புக்கு வருகிறார்கள். இதை மாற்றிச் செய்யுங்கள். ஒரே ஒரு உதையைச் சரியாகப் பழகிவிட்டுப் போனால் ரிங்கில் நடப்பது நன்றாகப் பிடிபடும்.

கிளம்பும் முன்

தொடையை இறுக்காத ஷார்ட்ஸ், பனியன், துண்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். கிளவுஸ் அங்கேயே இருக்கும். கிளவுஸுக்குள் கையில் சுற்றும் கைக்கட்டுத் துணியை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்: 4.5 மீட்டர் நீளம், 5 செ.மீ. அகலம், லேசாக இழுபடும் வகை. கனமாகச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், உங்களுக்காக மட்டுமல்ல, எதிரில் பேட் (உதையை வாங்கும் மெத்தை) பிடிப்பவருக்காகவும்.

பயிற்சித் தரையில் செருப்பு கூடாது. ஆசிரியரை ‘க்ரூ’ என்று அழைத்துக் கைகூப்பி வணங்குங்கள். படுத்திருப்பவரையோ கிளவுஸையோ தாண்டிப் போகாதீர்கள். உயரத்தில் மாட்டியிருக்கும் மொங்கொன் என்னும் தலைவளையத்தைத் தொடாதீர்கள். அதை வீரனின் தலையில் வைப்பதும் எடுப்பதும் ஆசிரியரின் உரிமை.

1. கைக்கட்டு

விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். மூடிய கையில் கட்டினால் கட்டு தளர்ந்து, குத்தும்போது நழுவும்.

துணியின் ஒரு முனையில் உள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, துணியைப் புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுபோங்கள். உள்ளங்கைப் பக்கமாகப் போனால், கையை மூடும்போது கட்டு தளரும். மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று. அடுத்து மணிக்கட்டிலிருந்து குறுக்காக ஏறிச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே விட்டுத் திரும்ப மணிக்கட்டுக்கு வாருங்கள். மற்ற இரண்டு இடைவெளிகளுக்கும் இதே போல. கட்டைவிரலை ஒரு சுற்று சுற்றி, மிச்சத் துணியை மணிக்கட்டில் முடித்து வெல்க்ரோவை ஒட்டுங்கள். வெல்க்ரோ வெளிப்பக்கம் பார்த்து நின்றால், தொடக்கத்திலேயே துணியைப் புரட்டிப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

கையை மூடிப் பத்து எண்ணுங்கள். விரல் நுனி மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ இறுக்கம் அதிகம். மணிக்கட்டு வளைந்து கொடுத்தால் இறுக்கம் போதாது.

2. நிலை

வலது கைக்காரர்கள் இடது காலை முன்னே வையுங்கள். பாதங்களுக்கு நடுவே தோள் அகலம், பின்கால் விரல்கள் சற்று வெளிப்பக்கம், பின் குதிகால் தரையிலிருந்து லேசாக எழும்பி இருக்கட்டும். கைகள் புருவ உயரத்தில். மேற்கத்திய குத்துச்சண்டை பழகியவர்கள் கால்களை அகட்டி, முன்காலில் பாரம் ஏற்றி நிற்பார்கள். முவே தாயில் முன்கால் எந்த நொடியும் மேலே எழ வேண்டும், அதைத் தூக்கித்தான் எதிராளியின் உதையைத் தடுக்கிறோம். பாரம் அதில் இருந்தால் தூக்க முடியாது, தொடையில் அடி விழும்.

3. தீப் என்னும் தள்ளு உதை

முழங்காலை முதலில் மார்பு நோக்கித் தூக்குங்கள், பிறகு இடுப்பை முன்னே தள்ளிப் பாதத்தின் முன்பகுதியால் எதிராளியின் வயிற்றைத் தள்ளுங்கள். கால்விரல்கள் பின்னோக்கி மடங்கியிருக்க வேண்டும். முழங்காலைத் தூக்காமல் நீட்டிய காலை வீசினால் பாதம் பேட் மேல் வழுக்கி மேலே ஏறும், விரல்கள் மாட்டிக்கொள்ளும்.

4. வலது சுற்று உதை

வகுப்பில் கிடைக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள். அடிக்க வேண்டியது பாதத்தால் அல்ல, கணைக்கால் எலும்பின் கீழ்ப்பாதியால். புறங்காலில் இருப்பவை சின்னச் சின்ன எலும்புகள், பேட் பிடிப்பவரின் முழங்கையில் ஒரு முறை பட்டாலே போதும், நடக்க முடியாமல் போய்விடும்.

இடது காலை அரை அடி முன்னே, சற்று இடப்பக்கமாக வையுங்கள். அந்தப் பாதத்தின் முன்பகுதியில் எழும்பிக்கொண்டே குதிகாலை இலக்கை நோக்கித் திருப்புங்கள். இடுப்பு திரும்பட்டும், வலது கால் அதன் பின்னாலேயே வரும். வலது கை கீழே வீசிப் போகும், இடது கை முகத்தை விட்டு நகரக் கூடாது. அடிபடும் நொடியில் மூச்சை ‘ஷ்’ என்று விடுங்கள்.

ஊன்றிய கால் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் முறுக்கம் முழுவதும் முழங்கால் மூட்டில் இறங்கும். கீல் திரும்பாத கதவை இழுத்தால் கீல்தான் உடையும். முழங்காலின் உட்பக்கம் வலித்தால் உடனே நிறுத்துங்கள். ரிங் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதைக்காமல் குதிகாலைத் திருப்புவதை மட்டும் 20 முறை செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பலத்தைக் கடைசியில் சேர்த்தால் போதும், இரண்டாவது ரவுண்டிலேயே முழு பலத்தோடு உதைப்பவர்கள்தான் மறுநாள் நொண்டுகிறார்கள்.

5. வகுப்புக்குப் பிறகு

கணைக்கால் வீங்குவது இயல்பு. பாட்டில் உருட்டினால், கட்டையால் தட்டினால் எலும்பு உறுதியாகும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். மாதக்கணக்கில் தொங்கும் பயிற்சி மூட்டையை உதைத்துத்தான் அது வரும். நம்மன் முவே தைலம் தடவலாம், ஆனால் கீறல் மேல் கூடாது, தடவிய கையைக் கண்ணில் வைக்கவும் கூடாது. ஈரமான கைக்கட்டைப் பையில் சுருட்டி வைக்காமல் துவைத்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் படர்தாமரை நிச்சயம்.

6. இப்போது ஸ்டேடியம்

பாங்காக்கில் ராஜதாம்னர்ன் ஸ்டேடியம் 1945 முதல் இருக்கிறது. முதல் போட்டி தொடங்கும் முன்பே போய் உட்காருங்கள். சண்டைக்கு முன் வீரர்கள் குருவை வணங்கி ஆடும் வாய் க்ரூவைத் தவற விடக் கூடாது. பீ சவா என்னும் நாதக்குழல், இரண்டு மேளங்கள், சிங் என்னும் தாளம் ஆகியவை சேர்ந்து சண்டை முழுக்க ஒலிக்கும், ரவுண்டு ஏற ஏற வேகமெடுக்கும். மரபான போட்டிக்கு மூன்று நிமிட ரவுண்டுகள் ஐந்து, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. முதல் இரண்டு ரவுண்டுகள் மந்தமாகத் தோன்றினால் எழுந்து போய்விடாதீர்கள். பெரும்பாலும் மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் போட்டி தீர்மானமாகும். முகத்தில் விழும் குத்தைவிட விலாவில் சுத்தமாக விழும் உதைக்கும் முழங்கால் அடிக்கும் மதிப்பு அதிகம். உதைத்தவர் தடுமாறாமல் தன் நிலைக்குத் திரும்பினாரா, வாங்கியவர் உடல் அசைந்ததா என்று கவனியுங்கள், நடுவர்களும் அதையே பார்க்கிறார்கள்.